குங்குமம் வைத்த மருந்துச் சீட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே எனக்குப் பல வருடம் போய்விட்டது. மூன்று வருடமாக, ஒவ்வொரு தை மாதமும் ஒரு நோட்டு வாங்குகிறேன். மேலே பிள்ளையார் சுழி போட்டு, 'முருகன் துணை' என்று எழுதி, அதோடு மூடி வைத்துவிடுவேன். அப்படி மூடிய இரண்டு நோட்டுகளில் என் வீட்டம்மா புள்ளிக் கோலம் போட்டு முடித்துவிட்டாள். இது மூன்றாவது நோட்டு. இதையாவது கோலத்துக்கு விடக்கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தயக்கத்துக்குக் காரணம் இரண்டு. ஒன்று, இதில் தப்புச் செய்தவன் நான். இன்னொன்று, இதில் வரும் மனிதர் இன்றைக்கும் நல்லபடியாக இருக்கிறார். போன மாதம் அவரையே கேட்டுவிட்டேன். "எழுதுங்கண்ணா, என் மொட்டையத்தான் ஊரே பாத்துட்ச்சே, இன்னும் மறைக்க இன்னா கீது?" என்று சிரித்தார். ஆனாலும் பெயரை மாற்றியிருக்கிறேன். ஏகாம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக் கடையில் புதிதாக நிற்க வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் என்னைவிட அதிகம் படித்தவர்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். ஆரணி பஜாரில் ஒரு கடையில் கம்பவுண்டராக முப்பது வருடம் நின்றேன். எந்த மருந்து எந்தத் தட்டில் இருக்கும், எதைக் குளிரில் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் நீங்கள் ஒரு மாதத்தில் பழகிக்கொள்வீர்கள். ஒருவன் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று "குடுங்கண்ணா" என்று பல்லைக் காட்டும்போது என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

எழுபதுகளின் பின்பாதி. ஏகாம்பரம் முள்ளிப்பட்டில் சொந்த வீட்டில் தறி போட்டிருந்த பட்டு நெசவாளி. இருபத்தாறு வயது. அந்தக் காலத்துப் பையன்களைப் போலக் காது மறைய முடி, கிருதா, நெற்றியில் விழும் ஒரு சுருள். தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தான். நான்கு விரற்கடை நெய்தால் ஒரு தரம் தலை சீவுவான் என்று அவன் சிநேகிதர்கள் கேலி பேசுவார்கள்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் மத்தியானம் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றான். பிறகு துண்டை அவிழ்த்துக் குனிந்து காட்டினான். உச்சிக்குப் பின்னால் எட்டணா அளவில் மூன்று இடம், வழுவழுவென்று. மீசையிலும் இடது பக்கம் ஒரு துண்டைக் காணோம்.

"அண்ணா, புழுவெட்டு. சின்ன வெங்காயம் தேச்சேன், தும்மட்டிக்காய் தேச்சேன், தோலு எரிஞ்சதுதான் மிச்சம். புழு நல்லா உள்ள பூந்துகினு கீது போல."

"டாக்டரம்மாகிட்ட போய் காட்டு."

"அடுத்த மாசம் வெம்பாக்கத்துல பொண்ணு பாக்கப் போறோம்ணா. ஜல்தியா வளரணும்."

"அதையும் அவங்ககிட்டயே சொல்லு."

எங்கள் கடைக்கு எதிர்ச் சாரியில்தான் டாக்டரம்மா வைத்தியம் பார்த்தார். பேர் வேண்டாம். வாய் கொஞ்சம் காரம், கை ரொம்ப ராசி. அவரிடம் போய்விட்டு ஏகாம்பரம் சீட்டோடு திரும்பி வந்தான். முகத்தில் ஒரே குழப்பம்.

"புழுவே இல்லியாம்ணா. என் உடம்பே என் முடிய எதிரின்னு நெனச்சு அடிச்சுத் தள்ளுதாம். என் உடம்புக்கே என் அழகு மேல பொறாமை, பாத்தீங்களா?"

சீட்டில் இருந்தது சின்ன வெள்ளை மாத்திரை. ஸ்டீராய்டு. டாக்டரம்மா மருந்துப் பெயரை இங்கிலீஷில் எழுதினாலும் கடைசி வரியைத் தமிழில்தான் எழுதுவார், நோயாளிக்கும் புரியட்டும் என்று. அந்தச் சீட்டின் கடைசி வரி இது: 'ஆறு வாரம் மட்டும். பிறகு வந்து என்னைப் பார்க்கவும்.' அன்று சாயங்காலம் அவரே கடைக்கு வந்தபோது என்னிடமும் சொன்னார்: "அந்த நெசவாளிப் பையன் மாத்திரையில உன் கண்ணு இருக்கட்டும். நீளமா சாப்பிட்டா எலும்பு, சர்க்கரை, கண்ணுன்னு எல்லாத்தையும் தொடும். நீளமா சாப்பிட்டவன் டக்குனு நிறுத்தினாலும் ஆபத்து. உடம்பு தானா சுரக்கிறதை மறந்து தூங்கிப்போயிருக்கும், அதை எழுப்பி எழுப்பித்தான் நிறுத்தணும்." நானும் பவ்யமாகத் தலையை ஆட்டினேன். இந்தத் தலையாட்டலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது.

முடி வளர்ந்தது. முதலில் பூனை மயிர் போல வெள்ளையாக, பிறகு கறுப்பாக. மீசையும் சேர்ந்துகொண்டது. வெம்பாக்கத்துப் பெண் மல்லிகாவுக்குப் பிடித்துப்போய்க் கல்யாணமும் ஆயிற்று. கல்யாணத்தில் மாப்பிள்ளை என் காலில் விழுந்து, "சாமிக்கு அப்புறம் நீங்கதாண்ணா" என்றான். எழுதிக் கொடுத்தது டாக்டரம்மா. நான் எடுத்துக் கொடுத்தவன். ஆனாலும் எனக்கு அன்றைக்கு உள்ளங்கால் தரையில் படவில்லை.

ஆனால் அதற்கு முன்பே நான் விழுந்துவிட்டிருந்தேன்.

ஆறு வாரம் முடிந்தது. அவன் டாக்டரம்மாவிடம் போகவில்லை, நேரே என்னிடம் வந்தான். "கல்யாணம் வரைக்கும் குடுங்கண்ணா, மணமேடைல கொட்டிடப் போவுது." கொடுத்தேன். "தீபாவளி வரைக்கும்ணா, மாமியார் வூட்ல எண்ணெ தேச்சு வுடுவாங்க, தலைய பாப்பாங்க." கொடுத்தேன். "பொங்கல் வரைக்கும்." அவனுடைய கேலண்டரில் பண்டிகை இல்லாத மாதமே கிடையாது. மல்லிகாவிடம் அதைச் சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தான். ஒரு நாள் அந்தப் பெண் கடைக்கு வந்து, "அவருக்கு இன்னா சத்து கம்மிங்க?" என்று என்னையே கேட்டாள். நான் கூசாமல், "பொதுவா சத்துதாம்மா" என்றேன்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. நெசவாளி வீட்டில் அன்று தறி, நாடா, ராட்டை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பார்கள். ஏகாம்பரம் அந்த வரிசையில் மருந்துச் சீட்டையும் வைத்துவிட்டான். அவனுக்கு அதுவும் ஒரு ஆயுதம்தானே! அடுத்த தரம் சீட்டு வந்தபோது கடைசி வரி மேல் சந்தனம் அப்பி, நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். 'ஆறு வாரம்' கண்ணுக்குத் தெரியவில்லை. நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாத்திரை எடுக்கப் போனேன். பக்தியால் ஒற்றினேன் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த வரி மறைந்ததில் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது என்று இப்போது தெரிகிறது.

இப்படி இரண்டு வருடம்.

ஏகாம்பரம் ஊதினான். கன்னம் இரண்டும் பௌர்ணமி. பசியோ பசி. ஊர் பூரித்தது. வெம்பாக்கத்திலிருந்து வந்து மகளோடு தங்கிவிட்ட மாமியார் தனபாக்கியம்மாள், "எல்லாம் எங்க கைச் சோறு. நான் இங்க வரும்போது கருவாடு மாதிரி இருந்தாரு" என்று தெருத் தெருவாகச் சொன்னார். முள்ளிப்பட்டிலிருந்து இரண்டு பேர் கடைக்கு வந்து, "ஏகாம்பரம் துண்ற சதை புடிக்கிற மாத்திரை எங்களுக்கும் குடுங்க" என்று நின்றார்கள். அவர்களை விரட்டிவிட்டேன். விரட்டிவிட்டு, நான் எவ்வளவு நேர்மையானவன் என்று அன்றைக்கு முருகனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

தறியில் படமரம் என்று ஒரு கட்டை உண்டு, நெய்த துணி அதில்தான் சுருளும். நெசவாளியின் வயிற்றுக்கு முன்னால் இருக்கும். ஏகாம்பரத்தின் தொப்பை அதில் இடிக்க ஆரம்பித்தது. "வயித்துக்கு ஏத்தா மாதிரி பலகைய பின்னாடி தள்ளிப் போட்டுகினேன்ணா" என்று சிரித்தான். கையில் லேசாக இடித்தாலே கன்றிப்போனது. காலில் பட்ட ஒரு சின்னக் காயம் மாதக் கணக்கில் ஆறவில்லை. அதற்குப் பிளாஸ்திரியும் நான்தான் கொடுத்தேன். மாதம் ஒரு தரம் மாத்திரைக்கு வந்தவன் இருபது நாளில் வர ஆரம்பித்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்த வேண்டியிருக்கும்.

முடி வளர்ந்தால் படவேட்டு ரேணுகாம்பாளுக்குக் கொடுப்பதாக அவன் வேண்டிக்கொண்டிருந்தான். இரண்டாம் வருடம் ஆடி மாதம் குடும்பத்தோடு போய் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு, பிரசாதத்தோடு கடைக்கு வந்தான்.

"அண்ணா, முடிய ஆத்தாளுக்கே குடுத்தாச்சு. இனிமே மாத்திர வேணுமா?"

தம்பிகளே, அந்த நிமிஷத்தில் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! இரண்டு வருடமாக உறுத்திக்கொண்டிருந்த முள்ளை அவனே பிடுங்கிப் போடுகிறான். நான் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, "அவகிட்டயே ஒப்படைச்சாச்சு இல்ல? அவ பாத்துப்பா. இன்னியோட நிறுத்திடு" என்றேன். டாக்டரம்மா சொன்னதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். பக்தியாகப் பேசும்போது யோசிக்க வேண்டியதில்லை என்று நான் நினைத்திருந்த காலம் அது.

ஐந்தாம் நாள் காலையில் முள்ளிப்பட்டிலிருந்து கடைக்கு வந்த ஒருவர் சொன்னார்: "ஏகாம்பரம் வூட்ல வேப்பிலை கட்டிக் கீது. ஆத்தா வந்துகீறாளாம்."

அதாவது அம்மை போட்டிருக்கிறது. ஆடி மாதம், அம்மன் கோயிலுக்குப் போய் வந்தவன் சுருண்டு படுத்தால் எங்கள் பக்கத்தில் வேறு எதை நினைப்பார்கள்? வேப்பிலை கட்டிவிட்டால் வீட்டுக்குள் மருந்து போகாது, டாக்டர் போக முடியாது. நானும் குளித்துவிட்டு, கடை முதலாளியிடம் சொல்லிக்கொண்டு, இளநீர் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். வாசலிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன்.

தறிக்குப் பக்கத்தில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தான். மூன்று நாளாகச் சாப்பாடு தங்கவில்லை, எல்லாம் வாந்தி. கோயிலில் குடித்த கூழ் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் ஒருவர். ஆத்தாளுக்கு ஏதோ குறை என்றார் இன்னொருவர். நான் உட்கார்ந்து அவன் கையைத் தொட்டேன்.

ஜில்லென்றிருந்தது.

அம்மை என்றால் உடம்பு கொதிக்கும். இவன் உடம்பு ஆற்றுக் கல் போல இருந்தது. முத்து ஒன்றுகூட இல்லை. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், விரலுக்கு அடியில் நூல் போல ஓடிற்று. என்னைப் பார்த்ததும் மரியாதைக்காக எழுந்து உட்காரப் பார்த்தான், அப்படியே கண் சொருகிச் சாய்ந்துவிட்டான். 'தூங்கிப்போயிருக்கும், எழுப்பி எழுப்பித்தான் நிறுத்தணும்.' டாக்டரம்மாவின் குரல் என் காதுக்குள் கேட்டது.

உங்களிடம் மறைக்க மாட்டேன். முதலில் வந்தது திருட்டுப் புத்திதான். கடைக்கு ஓடிப்போய் நான்கு மாத்திரை எடுத்து வந்து, விபூதி என்று சொல்லி வாயில் போட்டுவிட்டால் என்ன? யாருக்கும் தெரியாது. அவன் ரகசியமும் பிழைக்கும், என் மானமும் பிழைக்கும். அதற்குள் மல்லிகா கொடுத்த ஒரு வாய்த் தண்ணீரை அவன் அப்படியே என் வேட்டி மேல் வாந்தி எடுத்தான். மாத்திரை போட்டாலும் தங்காது. என் திருட்டு வழி என் வேட்டியோடு நனைந்துபோயிற்று. முருகன் என் மேல் வைத்த கருணை அந்த ஈரம் என்று இன்றும் நம்புகிறேன்.

"இவன உடனே டாக்டரம்மாகிட்ட தூக்கணும்" என்றேன்.

தனபாக்கியம்மாள் வாசலை மறித்துவிட்டார். "வேப்பிலை கட்டின வூட்லேர்ந்து தூக்கினு போறதா? ஆத்தா கோச்சிகினா யாரு பதில் சொல்றது? கோயிலுக்குப் போற ஆளு நீங்களே இப்டி பேசலாமாங்க?"

"ஆத்தா வந்திருந்தா கும்பிட்டுட்டுப் போயிருப்பேன்மா. இங்க வந்திருக்கறது ஆத்தா இல்ல. நான் குடுத்த மாத்திர."

பக்கத்து வீட்டுத் தறி ஓசை நின்றது, எட்டிப் பார்க்க வந்துவிட்டார்கள். இத்தனை பேர் முன்னால் சொன்னேன்: "அது சத்து மாத்திர இல்ல. புழுவெட்டுக்குக் குடுத்தது. நிறுத்தவே கூடாத மாதிரி நிறுத்தச் சொன்னதும் நான்தான். நேரமாச்சுன்னா பொழைக்க மாட்டான்."

மல்லிகா அழவில்லை. தன் அம்மாவை ஒரு கையால் ஓரமாக நகர்த்தினாள். "ஜட்கா கூப்டுங்க" என்றாள். அவ்வளவுதான்.

முள்ளிப்பட்டிலிருந்து ஆரணி ஒன்றும் தூரமில்லை. அன்றைக்கு அந்தக் குதிரை நடந்த நடையைப் பார்த்து, இதற்கும் யாரோ மாத்திரையை நிறுத்திவிட்டார்களோ என்று தோன்றியது. அந்த நேரத்திலும் எனக்கு அப்படித்தான் தோன்றியது, என்ன செய்ய. என் மடியில் அவன் மொட்டைத் தலை. வழியெல்லாம் கந்தர் சஷ்டி கவசத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

"நீங்க எழுதின புழுவெட்டு மாத்திரதாம்மா" என்று மட்டும் சொல்லி அவனைக் கிடத்தினேன். டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார். முகம் மாறிவிட்டது. ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்: "எவ்வளவு நாள் சாப்பிட்டான்?"

"ரெண்டு மாசம்மா."

நான்தான் சொன்னேன். ஊர் முன்னால் அத்தனை வீரமாகப் பேசிவிட்டு வந்தவன், எனக்குப் பயமான ஒரே ஆள் கேட்டதும் இரண்டு வருடத்தை இரண்டு மாதமாக்கிவிட்டேன். டாக்டரம்மா கை நின்றது. "ரெண்டு மாசத்துக்கு இப்படி ஆகாதே. அப்ப இது வேற ஏதோ. காலராவா இருக்குமா?" என்று ஊசியைத் தட்டில் திரும்ப வைக்கப் போனார்.

அந்த ஊசி கைக்கும் தட்டுக்கும் நடுவே இருந்த நேரம் ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"இல்லம்மா. ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமா நான்தான் குடுத்தேன். அஞ்சு நாளைக்கு முன்னாடி ஒரே நாள்ல நிறுத்தச் சொன்னேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. ஊசியை எடுத்துப் போட்டார். நரம்பில் மருந்து, பாட்டிலில் உப்பு நீர். பிறகுதான், "சீட்டு எங்கே?" என்றார். மல்லிகா ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். குங்குமத்தை நகத்தால் சுரண்டித் தன் கையெழுத்தைப் படித்தார். "குங்குமம் என் எழுத்தைத்தான் மறைச்சுது. முதல் நாள் இதைப் படிச்ச உன் கண்ணை எது மறைச்சுது?" என்றார்.

சாயங்காலத்துக்குள் ஏகாம்பரத்தின் கை சூடாயிற்று. கண் திறந்ததும் முதலில் கேட்டது கண்ணாடி. மொட்டைத் தலை ஞாபகமில்லை போலும். பிறகுதான் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தான். ரகசியம் போய்விட்டது என்று புரிந்து மல்லிகாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

"இன்னாத்துக்கு அந்தப் பக்கம் திரும்பறீங்க?" என்றாள் மல்லிகா. "பின்னாடி கழுத்துக்கு மேல ஒரு வருஷமா ஒரு ஓட்டை இருந்துச்சு. எண்ணெ வெக்கறப்ப பாத்தேன். உங்களுக்குத் தெரிஞ்சா மனசு வுட்ருவீங்கன்னு தெனமும் கண்மைய தடவி வுட்டுகினு இருந்தேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஆக, அந்த மாத்திரை முடியையும் ஒழுங்காகக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது பத்துப் பைசா கண்மை. அதற்காகத்தான் நான் ஒருவனைச் சாவு வரைக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

"வீட்டுல வேற யாராவது இதைச் சாப்பிட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

தனபாக்கியம்மாள் முந்தானையைச் சரிசெய்தார். மறுபடி சரிசெய்தார். "சத்து மாத்திரதானேன்னு தெனம் ஒண்ணு..." என்று இழுத்தார். "முட்டி வலி பறந்து போச்சும்மா! திருமலை படிய நிக்காம ஏறினேன்!"

"இப்பவும் சாப்பிடறீங்களா?"

"மாப்பிள்ளை நிறுத்திட்டாருன்னு நான் எதுக்கு நிறுத்தணும்? அரிசிப் பானைல ஒரு டப்பா வெச்சிகீறேன்."

இருபது நாளில் ஏன் மாத்திரை தீர்ந்தது என்று அப்போதுதான் விளங்கியது. டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். பார்வையே போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு பல மாதம் எனக்குத் தண்டனை. முள்ளிப்பட்டுக்குச் சைக்கிளில் போய், மாப்பிள்ளைக்கும் மாமியாருக்கும் முழு மாத்திரை, முக்கால், அரை, கால் என்று டாக்டரம்மா எழுதியபடி வெட்டிக் கொடுத்து, விழுங்கும் வரை எதிரில் நிற்க வேண்டும். மாமியார் ஒவ்வொரு தரமும், "இன்னும் கொஞ்சம் பெரிசா வெட்டுங்களேன்" என்று பேரம் பேசுவார். முகம் வடிந்தது. தொப்பை படமரத்தை விட்டு விலகியது. முட்டி வலி திரும்பி வந்தது. முடியும் தன் இஷ்டத்துக்குக் கொட்டியது, சில இடத்தில் தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது. ஏகாம்பரம் ஒரு நாள் சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றி மல்லிகாவிடம் கொடுத்துவிட்டு, நாவிதரிடம் போய் மொத்தமாக வழித்துக்கொண்டு வந்தான்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மருந்து நல்லதா கெட்டதா என்று நீங்களும் நானும் தீர்மானிக்க வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறார்கள். எவ்வளவு நாளுக்கு என்று எழுதியிருக்கிறதோ அதைப் படியுங்கள். அந்த நாள் தாண்டி ஒருவன் வந்து நின்றால், எத்தனை அன்பாக அண்ணா என்று கூப்பிட்டாலும், எழுதினவரிடம் திருப்பி அனுப்புங்கள். 'இன்றோடு நிறுத்து' என்று சொல்லவும் நமக்கு அதிகாரம் இல்லை. கடவுள் பெயரைச் சொல்லி நிறுத்தச் சொல்லவே சொல்லாதீர்கள். ஆத்தாளுக்கு அவள் வேலையே நிறைய இருக்கிறது.

இதை உங்களுக்கு அடுத்து வருகிறவர்களுக்கும் சொல்லுங்கள். நான் எழுதினபடியே சொல்லுங்கள், கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு யாராவது ஒரு இடத்தை விட்டுவிடப் பார்ப்பார்கள், எனக்குத் தெரியும். ஊர் முன்னால் உண்மையைச் சொன்னதை நன்றாகச் சொல்லிவிட்டு, டாக்டரம்மா கேட்டபோது 'ரெண்டு மாசம்' என்றதை விழுங்கிவிடுவார்கள். அதை மட்டும் விடாதீர்கள். ஏகாம்பரம் சாகக் கிடந்தது வேப்பிலைப் படுக்கையில் அல்ல, அந்தப் பொய்க்குள்தான்.